பூட்டில்லாத வைஃபை

கிண்ணியாவுக்கு மாற்றலாகிப் போன சுஹைரா, ஒரு சனிக்கிழமை காலை தொலைபேசியில் நலம் கூட விசாரிக்காமல் விஷயத்துக்கு வந்தாள்.

"புள்ள, சேர்வர் வேலை செய்யுது."

பிரியதர்சினிக்கு உடனே விளங்கியது. இருவரும் திருகோணமலை நகரத்தில் ஒரே கந்தோரில் வேலை செய்த காலத்தில், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பக்கத்தில் பக்கத்தில் இருந்து கார் ஓட்டியவர்கள். புத்தகம் போல மடிக்கக்கூடிய பழைய கேம் மெசின், ஆளுக்கொன்று. அருகருகே வைத்தால் இரண்டும் தாமாகவே தொடர்பு கொள்ளும். தூரத்தில் இருந்து விளையாட வேண்டுமென்றால் இன்டர்நெட் வேண்டும். அதற்கான சேர்வரை மெசின் செய்த கொம்பனி எப்போதோ மூடிவிட்டது. இப்போது ஐரோப்பாவில் யாரோ சில விளையாட்டுப் பைத்தியங்கள் தங்கள் பாட்டில் ஒரு சேர்வரை நடத்துகிறார்கள் என்றும், மெசினுக்குள் ஒரு இலக்கத்தை மாற்றினால் அதற்குள் போகலாம் என்றும் சுஹைரா கண்டுபிடித்திருந்தாள்.

"கிண்ணியா பஸ்ஸில ஏறினா அரை மணித்தியாலம்," என்றான் பிரியாவின் கணவன் சிவரூபன். "நீங்கள் ரெண்டு பேரும் ஐரோப்பாவைச் சுத்திக்கொண்டு போறியள்."

"பஸ்ஸில போனா அவளின்ர மாமி சாப்பிடாமல் விடமாட்டா. பிறகு எப்ப விளையாடுறது?"

இலக்கத்தை மாற்றுவது சுலபமாக இருந்தது. சிக்கல் வேறு இடத்தில் வந்தது. இந்தக் காலத்து வைஃபைப் பூட்டு எதுவும் அந்த மெசினுக்குத் தெரியாது. அது பிறந்த பிறகு வந்த பூட்டுகள் அவை. பாஸ்வேர்டே இல்லாத வைஃபை இருந்தால்தான் உள்ளே போகும். பிரியா ரவுட்டரின் பாஸ்வேர்டை எடுத்துவிட்டாள்.

"வீட்டுக் கதவைத் திறந்து வச்சிட்டு இருக்கிற மாதிரி," என்றான் சிவரூபன்.

"ஒருத்தரும் கவனிக்க மாட்டினம்."

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் போட்டி தொடங்கியது. மூன்றாவது சுற்று வரைக்கும் பிரியாதான் முன்னால். பாலத்தில் ஏறும்போது அவளுடைய கார் அப்படியே உறைந்து நின்றது. மறுபடி அசைந்தபோது அது கடலுக்குள் கிடந்தது. சுஹைரா வென்றுவிட்டாள்.

"லைன் சிலோ," என்றாள் பிரியா.

"தோக்கிறவங்களுக்கு எப்பவும் லைன் சிலோதான்," என்றாள் சுஹைரா.

அடுத்த போட்டியிலும் அதே இடத்தில் அதே கதி. சிவரூபன் எழும்பிப் போய் ரவுட்டரின் வயரைப் பிடுங்கினான். மதிலுக்கு அந்தப் பக்கம், தவராசா அண்ணன் வீட்டில் ஓடிக்கொண்டிருந்த படத்தின் சத்தம் பாதியில் நின்றது. பின்வீட்டில் ஒரு பிள்ளை, "அம்மா, சூம் வகுப்பு அறுந்திட்டு," என்று கூப்பிட்டது. கேற்றடியில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி நின்ற யாரோ ஒருவர் தன் போனை இரண்டு தரம் உதறிப் பார்த்தார்.

"ஒருத்தரும் கவனிக்கேல்லை," என்றான் சிவரூபன்.

தவராசா துறைமுகத்தில் வேலை செய்பவர். நல்ல மனிதர், கிணற்று மோட்டர் பழுதானால் கேட்காமலே வந்து கழற்றித் திருத்துவார். அவரிடம் போய் எங்கள் வைஃபையில் படம் பார்க்காதேங்கோ என்று சொல்வது எப்படி? பிரியா சுஹைராவிடம் இதைச் சொல்லிப் புலம்பினாள்; பிறகு யோசித்துப் பார்த்துவிட்டு வைஃபையின் பெயரை மட்டும் மாற்றினாள். 'நேவி கமரா 4'. கடற்படைக் காம்ப் கிட்டத்தில்தான் இருந்தது.

"ஏன் நாலு?" என்று கேட்டான் சிவரூபன்.

"ஒண்டெண்டு போட்டா நம்பமாட்டினம்."

மறுநாளே ஒழுங்கை, அந்தச் சின்னத் தெரு முழுவதும், திருந்தத் தொடங்கியது. சந்திக் கடைக்குப் போகிறவர்களும் ஹெல்மெட் போட்டுக்கொண்டு போனார்கள். வேலி மூலையில் பின்னேரங்களில் காசு வைத்துக் காட்ஸ் விளையாடுகிற கூட்டம் இடம் மாறியது. குப்பை எரிப்பதை எல்லாரும் விட்டார்கள். தவராசா வீட்டில் இருக்கும்போதும் சேர்ட் போட்டார். சிவரூபனுக்கு இது பிடித்துப்போய், இந்தப் பெயரையே வைத்திருப்போம் என்றான்.

ஆனால் வாரம் முடிவதற்குள் வேறு ஒரு கேள்வி கிளம்பிவிட்டது. நாலாவது கமரா இங்கே என்றால் மற்ற மூன்றும் எங்கே? ஆட்கள் லைட் போஸ்டுகளை அண்ணாந்து பார்த்தபடி நடந்தார்கள். ஒருவர் மாமரத்தில் ஏறிக் குளவிக்கூட்டில் கை வைத்துவிட்டு இறங்கினார். தவராசா வீட்டார் குளிக்கிற கிணற்றடியைச் சுற்றி மறைப்பாக நீலத் தறப்பாள் கட்டினார்.

அடுத்த ஞாயிறு பிரியா கதிரையை இழுத்துப் போட்டு மெசினைத் திறந்தாள். லைன் அருமையாக இருந்தது. போட்டி தொடங்கப் போகிற நேரம் கேற்றில் தட்டும் சத்தம் கேட்டது. தவராசாவும் அவருடைய மனைவி கோணேஸ்வரியும், பின்னால் ஒழுங்கையில் பாதிப் பேரும் நின்றார்கள்.

"தங்கச்சி, நாங்கள் நேவிக் காம்புக்குப் போய்க் கதைக்கப் போறம்," என்றார் தவராசா. "நீர் கந்தோரில வேலை செய்யிறனீர், இங்கிலீசும் தெரியும். வந்து ஒரு வார்த்தை சொல்லும். கிணத்தடியில கமரா வைக்கிறது சரியில்லை."

பிரியா திரும்பிச் சிவரூபனைப் பார்த்தாள். அவன் சுவர்க் கலண்டரைப் படித்துக்கொண்டிருந்தான்.

"அண்ணன், காம்புக்குப் போகவேண்டாம்," என்றாள். "அது நான் வச்ச பேர். எங்கட வைஃபை."



"அப்ப என்ர கிணத்தடியில கமரா இல்லையோ?" என்றார் தவராசா.

"இல்லை அண்ணன். ஒரு இடத்திலயும் இல்லை."

"நான் மூண்டு நாளா அந்தத் தறப்பாளுக்குள்ள வெந்து வெந்து குளிக்கிறன்," என்றாள் கோணேஸ்வரி. "படிச்ச பிள்ளை செய்யிற வேலையோ இது?"

பின்னால் நின்றவர்களும் ஓம், ஓம் என்றார்கள். குளவி கொட்டியவர் வீங்கிய கையை உயர்த்திக் காட்டினார். பிரியாவுக்கு அழுகை வரும் போலிருந்தது. அப்போதுதான் அவளுக்கு ஒன்று உறைத்தது.

"அண்ணன், அந்தப் பேரை நீங்கள் எப்பிடிக் கண்டனீங்கள்?"

 கோணேஸ்வரி கணவனைப் பார்த்தாள். பின்னால் நின்றவர்களில் சிலருக்கு அவசரமாக வேலை ஞாபகம் வந்தது; ஆனால் போனால் தாங்களும் பார்த்தது தெரிந்துவிடும் என்று அங்கேயே நின்றார்கள்.

"படம் கொஞ்சம்தான் பார்த்தனான்," என்றார் தவராசா கடைசியில்.

பிரியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மெசினைத் தூக்கிக் காட்டி நடந்ததை எல்லாம் சொன்னாள். பாஸ்வேர்ட் ஏன் இல்லை, கார் ஏன் கடலுக்குள் விழுகிறது, எதிரில் இருப்பது யார் என்று. தவராசா கவனமாகக் கேட்டார்.

"இதுக்கோ இவ்வளவும்? சொல்லியிருந்தா நிப்பாட்டியிருப்பமே. எல்லாரும் போனை நிப்பாட்டுங்கோ. பிள்ளை காரை ஓடட்டும்."

எல்லாரும் போன்களை நிறுத்திப் பைக்குள் போட்டார்கள். ஆனால் வந்தது வந்தாச்சு என்று ஒருவரும் போகவில்லை. பிரியாவின் கதிரைக்குப் பின்னால் கூட்டமாக நின்று அந்தச் சின்னத் திரையை எட்டிப் பார்த்தார்கள். கோணேஸ்வரி முன்னுக்கு வந்து கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

முதல் சுற்றில் பிரியா முன்னால். இரண்டாவதிலும் அப்படித்தான். மூன்றாவதில் பாலம் வந்தது. லைன் துளியும் பிசகவில்லை, எதுவும் உறையவில்லை. பிரியா வேகமாக வளைத்தாள். கார் வழுக்கிப் பாலத்தின் விளிம்பைத் தாண்டி, ஒழுங்கை முழுவதும் பார்த்துக்கொண்டிருக்கக் கடலுக்குள் போய் விழுந்தது. சுஹைராவின் கார் ஆறுதலாகப் பக்கத்தால் போனது.

"மற்றப் பிள்ளை நல்லா கார் ஓடுறா," என்றாள் கோணேஸ்வரி.

தொலைபேசி அடித்தது.

"என்ன புள்ள," என்றாள் சுஹைரா, "இண்டைக்கு யாரு படம் பாத்த?"

பிரியா திரும்பி, தன் பின்னால் வாய் மூடி நின்றவர்களை ஒருமுறை பார்த்தாள்.

"ஒருத்தரும் பார்க்கேல்லை," என்றாள். "இன்னொருக்காத் தொடங்கு."