வினோதனின் பீப்பா

மார்க் வருவதாகச் சொன்னது ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். இராசரத்தினம் சனிக்கிழமை காலையே ரோச் லைற்றையும் ஒரு சுத்தியலையும் எடுத்துக்கொண்டு பேஸ்மென்ருக்கு இறங்கினார்.

வெக்ஸ்போர்ட்டில் அந்த வீதி வீடுகளுக்கெல்லாம் முன்வாசல் படிக்குக் கீழே ஒரு கோல்ட் றூம் உண்டு. சன்னல் கிடையாது, ஹீற்றரும் கிடையாது. மனைவி குணவதி அதற்குள் அரிசி மூட்டையும் வெங்காயமும் வைத்திருந்தாள். போன ஐப்பசியில் மகன் வினோதன் வெங்காயத்தைத் தள்ளிவிட்டு அங்கே ஒரு பீப்பாவை வைத்தான். முன்பு வைன் இருந்த பீப்பா. முழங்காலுக்கு மேல் உயரம். கூட்டாளி மார்க்கும் அவனும் கயிறு கட்டி இறக்கினார்கள்.

விட்பிக்கு அப்பால் மார்க்குக்கு ஒரு தோட்டம் இருந்தது. பழைய மாட்டுக்கொட்டிலில் இருவரும் பியர் காய்ச்சினார்கள். முற்காலத்தில் பண்ணைகளில் வேலையாட்களுக்குக் காய்ச்சிக் கொடுத்த வகையாம். அந்த முறை காய்ச்சியதில் பாதியை மார்க் தன் தாயாரின் வீட்டில் வைத்தான். மற்றப் பாதியில் வினோதன், அந்த வாரம் பிடுங்கிய பீற்றூட்டையும் பறித்த பூசணியையும் போட்டான். ஒரு வருடம் மரத்துக்குள் கிடக்கவேண்டும் என்றான்.

வங்கி வேலையை விட்டுவிட்டுத்தான் அவன் அங்கே போனான். றிச்மண்ட் ஹில் கோயிலில் ஆட்கள் விசாரித்தால், மகன் சாப்பாட்டுக் கொம்பனி ஒன்றில் இருக்கிறான் என்பார் இராசரத்தினம். வீட்டில் அப்படிச் சொல்லமாட்டார்.

"சனம் பிளேன் ஏறி வந்து படிக்குது. என்ரை மகன் பிளேன் ஏறி வந்து கள்ளுக்கொட்டில் வைக்கிறார்."

"கள்ளு இல்லையப்பா. திறக்கேக்கை முதல் கிளாஸ் உங்களுக்குத்தான். குடிச்சுப்போட்டு ஏசுங்கோ."

"எனக்கு வேண்டாம். உன்ரை வெள்ளைக்காரனுக்கே குடு."

அவன் சிரித்துக்கொண்டு கோல்ட் றூம் கதவைச் சாத்தினான்.

மாசி மாதம், விட்பியிலிருந்து திரும்பும் வழியில், பனி மூடிய வீதியில் ஒரு லொறி சறுக்கிவந்து அவனுடைய காரில் மோதியது.

அவன் செத்த எட்டாம் நாள், எட்டுச்செலவன்று, அவனுக்குப் பிடித்ததையெல்லாம் படத்துக்கு முன்னால் படைத்தார்கள். கணவாய்க் கறி, ஆட்டிறைச்சிப் பிரட்டல், கடைப் பிட்சா. குணவதி ஒரு பியர்ப் போத்தலும் கொண்டுவந்தாள். இராசரத்தினம் அதை அவள் கையிலிருந்து வாங்கி அலுமாரிக்குள் வைத்துவிட்டார். வீடு நிறையச் சனம் இருந்தது.

இப்போது வருடம் முடிந்துவிட்டது. பீப்பாவைத் திறந்து ருசி பார்க்க வினோதனின் கூட்டாளிகளையும் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று மார்க் போனில் சொல்லியிருந்தான். அதுவரை ஒருவரும் தொடவேண்டாமாம். மகள் மயூரிதான் கேட்டுச் சொன்னாள்.

தொடாமல் இருக்க இராசரத்தினத்தால் முடியவில்லை. ஆட்கள் வருகிறார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று முதலில் தெரியவேண்டும்.

மேலிருந்த மரக்கட்டையைத் தட்டிக் கழற்றி ரோச் அடித்தார். பியரின்மேல் வெள்ளையாக ஆடை படர்ந்து சுருக்கம் விழுந்திருந்தது. பழங்கஞ்சியில் பிடிக்கிற பூஞ்சணம் மாதிரி. நனைந்த வைக்கோலின் மணம் எழும்பியது. அடியிலிருந்த குழாயைத் திருகி ஒரு பேணியில் கொஞ்சம் பிடித்து வாயில் வைத்தார். பல் கூசியது.

"இஞ்சேரும்," என்று மேலே பார்த்துக் கூப்பிட்டார். குணவதி கையைத் துடைத்தபடி வந்தாள். "உதை ஒருக்காக் குடிச்சுப் பாரும்."

"நான் எந்தக் காலத்திலை உதெல்லாம் குடிச்சனான்?"

"மணந்தாவது பாரும்."

மணந்தாள். "புளிச்சுக் கிடக்கு."

"கள்ளெண்டால் அடுத்தநாளே ஊத்திப்போடுவம். இது வருசக்கணக்கு."

"மயூரி வேலையாலை வரட்டும். அந்தப் பொடியனிட்டை ஒருக்காக் கேட்பம்."

"கேட்டு? அவங்கள் இதிலை வரிசையா நிண்டு வாயிலை வைச்சிட்டு முகத்தைச் சுழிப்பாங்கள். அந்தா அந்த சிங்குக்குள்ளை துப்புவாங்கள். என்ரை பிள்ளையின்ரை கடைசி வேலை. அதைத் துப்புறதை நான் பாத்துக்கொண்டு நிக்கிறதே?"

குணவதி அரிசி மூட்டையின் வாயைச் சுருட்டிக் கட்டினாள்.

"நான் அவனை ஏசினது காணும். இனி ஒருத்தரும் ஒரு சொல்லும் சொல்லக்கூடாது."

அவள் மேலே போனாள். திரும்பி வந்தபோது கையில் ஒரு கிளாஸ் இருந்தது.

"இதிலை பிடியுங்கோ. அண்டைக்குத்தான் வைக்க விடேல்லை."

"பழுதானதையோ படத்துக்கு வைக்கிறது?"

"அவன் செய்ததுதானே."

அவர் பிடித்துக் கொடுத்தார். அவள் சிந்தாமல் படியேறினாள்.

பிறகு பீப்பாவில் தோட்டத்துக் குழாயைப் பொருத்தி, பியரை உடுப்புத் தோய்க்கிற அறையின் வடிகாலுக்குள் விட்டார். வெகுநேரம் ஓடியது. பீற்றூட்டின் இரத்தச் சிவப்பு அதில் இல்லை. துருவின் நிறம். எல்லாம் போனபின் சுடுதண்ணீரும் பிளீச்சும் ஊற்றிப் பீப்பாவைக் கழுவினார். இரண்டாம் முறையும் கழுவினார். சாமானைத் திருப்பிக் கொடுக்கும்போது துப்புரவாகக் கொடுக்கவேண்டும்.

கூட்டாளிகள் வந்தால், பீப்பா ஒழுகிப்போய்விட்டது என்று சொல்லலாம் என நினைத்தார். அது ஒருவரின் பிழையும் இல்லை.

மறுநாள் மார்க் தனியாகத்தான் முதலில் வந்தான். மற்றவர்கள் பின்னால் வருகிறார்களாம். சிவந்த தாடி, பெரிய கைகள். படத்துக்கு முன்னால் நின்று, கும்பிடத் தெரியாமல் தலையைக் குனிந்தான். பேப்பரில் சுற்றிய கிளாஸ்களை மேசையில் அடுக்கிவிட்டு, பையிலிருந்து ஒரு போத்தலை எடுத்தான். தாயாரின் வீட்டில் வைத்த பாதி அது. மரக்கறி போடாதது. இதை முதலில் ருசித்தால்தான் வினோதன் செய்த வித்தை விளங்கும் என்று மயூரியிடம் சொன்னான்.

இராசரத்தினம் மரியாதைக்கு ஒரு மிடறு குடித்தார்.

பல் கூசியது. அதே புளிப்பு. அதே நனைந்த வைக்கோல்.

அவர் மார்க்கைப் பார்த்தார். மார்க் கண்ணை மூடியிருந்தான். சிரித்துக்கொண்டிருந்தான்.

"என்னவாம்?"

"சூப்பரா வந்திருக்காம் அப்பா," என்றாள் மயூரி. "இந்தப் புளிப்பு வரத்தானாம் ஒரு வருசம் விட்டது. வினோ அண்ணான்ரை இதைவிட பெட்டரா இருக்குமாம். மேலை வெள்ளையா ஒரு ஸ்கின் பிடிச்சிருக்கோ எண்டு கேக்கிறார். அதுதானாம் மூடி மாதிரி. அது இருந்தால் பழுதாகாதாம்."

இராசரத்தினம் கிளாஸை மேசையில் வைத்தார்.

"ஆடை பிடிச்சிருந்தது எண்டு சொல்லு."

அவள் சொன்னாள். மார்க் தொடையில் தட்டிக்கொண்டு எழும்பினான். கீழே போவோமா என்று கையைக் காட்டினான்.

"மயூரி. நான் நேற்று அதை ஊத்திப்போட்டன் எண்டு சொல்லு."

"என்ன?"

"பழுதாப்போச்செண்டு நினைச்சன். சொல்லு பிள்ளை."

அவள் தகப்பனைப் பார்த்தாள். தாயைப் பார்த்தாள். மார்க் சிரித்த முகத்தோடு காத்துக்கொண்டு நின்றான்.

பிறகு இராசரத்தினமே தொழிற்சாலையில் பழகிய இங்கிலிஷில் சொன்னார். "யெஸ்ரடே. ஐ த்ரோ. ஓல்."

பீப்பா ஒழுகிய கதை அவருக்கு ஞாபகம் வரவில்லை.

மார்க் கீழே இறங்கினான். அவர் பின்னால் போனார். கோல்ட் றூமில் பிளீச் மணந்தது. மார்க் குனிந்து பீப்பாவின் வாயில் மூக்கை வைத்தான். உடனே முகத்தை எடுத்தான். முகத்தைச் சுழிக்கவில்லை. பலகையில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு அப்படியே குந்தியிருந்தான். இராசரத்தினம் வெங்காய மூட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

படியில் காலடி கேட்டது. குணவதி படத்தடியிலிருந்த கிளாஸைக் கொண்டுவந்திருந்தாள். மயூரி பின்னால் வந்தாள். கிளாஸில் ஒரு கொசு விழுந்து மிதந்தது. குணவதி சுண்டுவிரலால் அதை எடுத்தெறிந்துவிட்டு மார்க்கிடம் நீட்டினாள்.

மார்க் கிளாஸை மின்குமிழுக்கு நேரே பிடித்துப் பார்த்தான். துருவென்று அவர் நினைத்த நிறம், வெளிச்சத்தில் மாதுளைத்தோல் போலச் சிவந்திருந்தது. நெடுநேரம் மணந்தான். குடிக்கவில்லை. மயூரியிடம் ஏதோ சொன்னான். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு தகப்பனிடம் திரும்பினாள்.

"முதல் கிளாஸ் உங்களுக்காம் அப்பா. அண்ணா அவரிட்டைச் சொல்லி வைச்சவராம்."

இராசரத்தினம் இரண்டு கையாலும் வாங்கினார். முதலில் புளித்தது. விழுங்கிய பிறகு, அப்போதுதான் பிடுங்கி மண் கழுவிய பீற்றூட்டின் வாசம் தொண்டையிலிருந்து திரும்பி வந்தது. அது போகுமட்டும் அவர் வாயைத் திறக்கவில்லை.

இன்னொரு மிடறு குடித்தார். பிறகு கிளாஸை மார்க்கிடம் கொடுத்தார். அவன் ஒரு வாய் குடித்து மயூரியிடம் கொடுத்தான். அடியில் கொஞ்சம் மிஞ்சியது. அதைக் குணவதி வாங்கிக் கண்ணை மூடிக்கொண்டு, மருந்து குடிப்பதுபோலக் குடித்தாள்.

"புளிக்குது," என்றாள்.

"ஓம்," என்றார் இராசரத்தினம். "அப்பிடித்தான் இருக்கவேணுமாம்."

மேலே கதவு மணி அடித்தது. கூட்டாளிகள் வந்துவிட்டார்கள்.