நார்மன் அசையாமல் நின்ற காலை

நார்மனிடம் ஒரு விஷயத்தைச் சொல்லி முடிக்க வேண்டுமென்றால் முதலில் அவனை நாற்காலியோடு சேர்த்துக் கட்ட வேண்டும் என்பாள் என் அக்கா கேரல். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் நான் தொடங்கிய முக்கியமான பேச்சு எதுவும் பாதியைத் தாண்டியதில்லை. "மார்சி, தண்ணி ஏற ஆரம்பிச்சிரும்" என்று தூண்டில் கோலை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவான். எங்கள் கடற்கரை ஊரான எஸ்ஸெக்ஸில் கடல் ஒரு நாளைக்கு இரண்டு முறை ஏறும், இரண்டு முறை வற்றும். ஆக, தப்பித்துப் போக அவனுக்குத் தினமும் நாலு வாய்ப்பு.

அந்த ஜூன் மாதக் காலையில் நான் அவனை விட்டுப் போவதென்று முடிவு செய்திருந்தேன். கடலை விட்டு மூன்று மணி நேரம் தள்ளியிருக்கும் ஆல்பனியில் கேரல் வீட்டு மாடி அறை காலியாக இருந்தது. பெட்டி காரில் ஏறிவிட்டது. ஒரு சீட்டு எழுதிக் குளிர்பெட்டியில் ஒட்டிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் இருபத்திரண்டு வருஷத்தைச் சீட்டில் முடிக்க எனக்கு மனம் வரவில்லை. முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டும், அவன் பதில் சொல்ல வேண்டும். அது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது.

அவன் எங்கே இருப்பான் என்று தேட வேண்டியதில்லை. உடம்பில் கறுப்புக் கோடுகள் ஓடும் பெரிய கடல்மீனான வரிமீன் வடக்கே வந்து சேரும் காலம். சதுப்புக்குள் வளைந்து போகிற ஓடையில், தண்ணீர் ஏறத் தொடங்கும் நேரத்தில், அந்த மீன் அடித்தரையை முகர்ந்துகொண்டு உள்ளே வரும். கடலில் துள்ளும் பொடி மீனை எல்லாரும்தான் தூண்டிலில் காட்டுகிறார்கள், பெரிய மீனுக்குத் தரையில் கிடக்கிற இரைதான் வேண்டும் என்பது நார்மனின் வேதம். அதனால் அவன் கட்டைத்தலையன் மாதிரியே போலி இரை கட்டுவான். கல்லுக்கடியில் படுத்துக் கிடக்கும் மண்ணிறச் சிறு மீன் அது, உடம்பில் பாதி தலை. மான் மயிரையும் கோழி இறகையும் கொக்கியில் சுற்றி, தலை கீழே போக ஈயக் கண் வைத்து, அதே போல ஒன்றைச் செய்துவிடுவான். எங்கள் சாப்பாட்டு மேசையில்தான் வேலை நடக்கும். வெண்ணெயில் மான் மயிர் இல்லாத காலை உணவை நான் சாப்பிட்டு வெகு நாளாகிறது.

போய்ப் பார்த்தபோது ஓடையின் எதிர்வளைவில் தொடை அளவு தண்ணீரில் நின்றிருந்தான். மார்பு வரை வரும் ரப்பர் கால்சட்டை, பழைய தொப்பி. கரையிலிருந்து இருபதடி இருக்கும். நான் புல்லின் ஓரத்துக்கு வந்ததும் திரும்பாமலே கையைக் காட்டினான்.

"மெதுவா வா. முன்னாடி ஒண்ணு மேயுது."

"மேயட்டும். நான் உன்கிட்ட பேச வந்தேன்."

"இப்பவா?"

"இப்பவேதான். நீ தண்ணிக்குள்ளயே குடியிருந்தா நான் வேற எங்க வர்றது? உன் விலாசமே இதுதானே."

அவன் நூலை ஒரு சாண் இழுத்தான், நிறுத்தினான். அந்தப் போலி மீன் தரையில் ஒரு தத்துத் தத்தி மறுபடி படுத்திருக்கும். அதை வேகமாக இழுக்கவே கூடாது என்பான். கட்டைத்தலையன் பயந்தால் ஓடாதாம். இருந்த இடத்திலேயே ஒட்டிக்கொண்டு, ஆபத்து தாண்டிப் போகட்டும் என்று கிடக்குமாம்.

நான் ஆரம்பித்தேன். இதோ போகப்போகிறான், இன்னும் ரெண்டு வாக்கியம், என்று எதிர்பார்த்துக்கொண்டே பேசினேன். அவன் போகவில்லை. என் அம்மாவின் அடக்கத்துக்கு வந்தவர்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவன் பின்வாசல் வழியாக மீனுக்குப் போனதைச் சொன்னேன். போகவில்லை. நம் வீட்டில் நாள் முழுக்கப் பேசுவது வானொலி ஒன்றுதான் என்றேன். நின்றான். போன வருஷம் மார்ச்சில் எனக்கு மார்பில் கட்டி வந்ததைச் சொன்னேன்.

"உன்கிட்ட வந்து சொன்னேன், நார்மன். நீ பாட்டுக்குத் தொப்பிய எடுத்துட்டுப் போயிட்டே. உன் காதுல விழலன்னு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன். ஆஸ்பத்திரிக்குத் தனியாப் போய் உக்காந்திருந்தேன். ஒண்ணும் இல்லன்னு சொன்னப்போகூட யார்கிட்ட சந்தோஷப்படறதுன்னு தெரியல."

அவன் தலை குனிந்திருந்தது. "தெரியுது" என்றான்.

"என்ன தெரியுது?"

"நீ சொல்றது... சரிதான். சொல்லு, மார்சி. நான் இங்கதான் இருக்கேன்."

உண்மையைச் சொன்னால் என்ன, அந்த நிமிஷம் காரில் இருந்த பெட்டி எனக்கு வெட்கமாக இருந்தது. மனுஷன் முன்னால் மீன் மேய்கிறது, அதையும் விட்டுவிட்டு நின்று கேட்கிறான். நான்தான் அவசரப்பட்டேனோ? தண்ணீர் அவன் இடுப்புக்கு வந்துவிட்டது, அப்போதும் நின்றான். நான் புல்லில் உட்கார்ந்து அழுதேன். அழுதபடியே, ஆல்பனிக்குப் போவதாக இருந்தேன் என்றும் சொன்னேன். "இருந்தேன்" என்றுதான் சொன்னேன்.

அப்போதுதான் அவனுக்கு இடது பக்கத்தில், முப்பதடி தள்ளி, வரிமீன் ஒன்று புரண்டது. சின்னதல்ல. முதுகு வந்தது, வால் வந்தது, சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குத் தண்ணீர் சுழன்றது. நார்மன் கழுத்தைத் திருப்பிப் பார்த்தான். ஓர் அடி எடுத்து வைத்துத் திரும்பினால் நூலை எறிந்துவிடலாம். அவன் எடுத்து வைக்கவில்லை. கழுத்தை மட்டும் அப்படியே முறுக்கி வைத்துக்கொண்டு மீனைப் பார்த்தான்.

பெண்டாட்டிக்காக நிற்கிற தூண்டில்காரன்கூட அந்த மீனுக்கு ஓர் அடி நகர்வான்.

"நார்மன், காலைத் தூக்கு."

"எதுக்கு?"

"தூக்குன்னா தூக்கு."

அவன் தூக்கவில்லை. முகம் மாவு போல வெளுத்திருந்தது.

"எவ்வளவு நேரமா மாட்டிக்கிட்டு நிக்கறே?"

"நீ வர்றதுக்கு முன்னாடியே. மீன் கிட்ட வந்துச்சுன்னு அசையாம நின்னேன். கால் முட்டி வரைக்கும் சேத்துல இறங்கிருச்சு. இப்ப அதுக்கும் மேல."

"இதை ஏன்டா முதல்லயே சொல்லல?"

"உன்கிட்டயா? மட்டிக்காரன் வீட்டுப் பொண்ணுகிட்ட, நான் சேத்துல மாட்டிக்கிட்டேன்னு?"

இதற்கு நான் சிரிக்கவா அழவா? எங்கள் குடும்பம் நாலு தலைமுறையாக இந்தச் சேற்றில் மட்டிச் சிப்பி தோண்டி விற்றது. நார்மன் லியோமின்ஸ்டர்க்காரன், பிளாஸ்டிக் ஆலை ஊர், கடல் பார்க்காத பிறப்பு. கல்யாணமான புதிதில் அவன் ஒரு முறை இங்கே செருப்பைத் தொலைத்ததை என் தம்பிமார்கள் இன்றைக்கும் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் நடித்துக் காட்டுவார்கள். அந்தக் கேலிக்குப் பயந்து மனுஷன் உயிரோடு புதைய இருந்தான்.

தண்ணீர் இடுப்புப் பட்டையைத் தாண்டிவிட்டது. எங்கள் ஓடையில் ஏற்றம் முதலில் சோம்பலாக வரும், பிறகு குதிரை மாதிரி வரும். கைபேசியில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. ஆள் கூப்பிட ரோட்டுக்கு ஓடினால் திரும்பி வருவதற்குள் கழுத்துக்கு வந்துவிடும். புயலில் ஒதுங்கிய படகுத்துறைப் பலகை ஒன்று புல்மேட்டில் கிடந்தது. அதை இழுத்து வந்து தண்ணீரில் தள்ளி, அதன் மேல் குப்புறப் படுத்துக் கையால் துழாவிக்கொண்டே அவனிடம் போனேன்.

"பட்டையை அவுரு."

"தண்ணி உள்ள போயிரும்!"

"போகணும்டா, அதுக்குத்தான் சொல்றேன்."

மார்புக் கால்சட்டைக்குள் தண்ணீர் புகுந்தால் சாவு என்று இந்தத் தூண்டில்காரர்கள் ஒருவருக்கொருவர் ஓதி வைத்திருக்கிறார்கள். ஆழத்தில் அது உண்மைதான். அதனால் இவன் என்ன செய்திருக்கிறான், கால் இறங்க இறங்க இடுப்புப் பட்டையை ஒவ்வொரு துளையாக இறுக்கியிருக்கிறான். சேறு ரப்பரைக் கவ்வியிருந்தது, ரப்பர் அவனைக் கவ்வியிருந்தது. ரப்பருக்கும் காலுக்கும் நடுவில் தண்ணீர் போனால்தான் கால் வழுக்கும். எங்கள் வீட்டில் நடை பழகும்போதே தெரிந்துகொள்கிற சங்கதி.

அவன் என் கையைப் பிடித்துத் தடுத்தான். நான் அவன் கன்னத்தில் ஒன்று விட்டேன். வாழ்க்கையில் முதல் தடவை. அவன் கையை எடுத்தான். தோள் வார்களை உருவி, பட்டையை அவிழ்த்தேன். குளிர்ந்த தண்ணீர் உள்ளே இறங்கியபோது அவன் குழந்தை மாதிரி கத்தினான்.

"பின்னாடி சாய். பலகை மேல படு. ரெண்டு காலையும் ஒண்ணா இழுக்காத. இடது கால மட்டும் ஆட்டு. ஆட்டிக்கிட்டே இரு."

தண்ணீர் அவன் தாடைக்கு வந்தபோது இடது கால் வந்தது. வலது கால் வருவதற்குள் நான் எனக்குத் தெரிந்த எல்லாச் சாமியையும் கூப்பிட்டுவிட்டேன். வந்தது. கால்சட்டை உள்ளேயே நின்றுவிட்டது. தூண்டில் கோலும் போய்விட்டது. கம்பளி உள்ளாடையோடு அவனைக் கரையில் இழுத்துப் போட்டேன்.

அவனுடைய வண்டிச் சாவி கால்சட்டைப் பையில், அதாவது சேற்றுக்கடியில். ஆகவே என் காரில்தான் வர வேண்டியிருந்தது. பின் இருக்கையில் என் பெட்டியைப் பார்த்தான். நான் வெப்பக் காற்றைக் கூட்டி வைத்தேன். பல் கிட்டிக்கொண்டிருந்தது அவனுக்கு.

கோபத்தில் ஆரம்பித்தேன். "ஆக, நீ எனக்காக நிக்கல. கால் வரலன்னு நின்னே. நான் சேத்துல நட்ட கம்பத்துகிட்ட அழுதுட்டு இருந்திருக்கேன்."

"இல்ல மார்சி. கேட்டேன்."

"என்னத்தக் கேட்டே? நீ எப்பவும் கேட்டதில்லையே."

"எப்பவுமே கேட்டிருக்கேன்." அவன் முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தான். "இடது பக்கம்னு சொன்னே. பட்டாணி அளவுன்னு. செவ்வாய்க்கிழமை பத்தரைக்கு வரச் சொல்லியிருக்காங்கன்னு."

அதில் ஒரு வார்த்தைகூட நான் அன்று ஓடையில் சொல்லவில்லை. போன வருஷம் சமையலறையில் சொன்னது அது, அவன் தொப்பியைத் தேடிக்கொண்டிருந்தபோது.

"அப்புறம்?" என்றேன்.

"அன்னிக்குப் பத்தரைக்கு நான் ஓடையில நின்னேன். தூண்டிலே போடல. மதியம் வரைக்கும் நின்னேன். என்ன சொல்றதுன்னு தெரியல, பயமா இருந்துச்சு. எங்க அம்மாவுக்கும் அப்படித்தான் ஆரம்பிச்சது."

"வீட்டுக்கு வந்தப்போ நான் ஒண்ணும் இல்லன்னு சொன்னேன். நீ மேசையில கொக்கிக்கு இறகு சுத்திட்டு இருந்தே."

"அதையும் கேட்டேன். உள்ள போய் அழுதேன்."

பொய் சொல்கிறவன் இல்லை அவன். இன்னும் எதையெதையோ சொன்னான். கல்யாண வருஷத்திலிருந்து நான் பாதியில் விட்ட பேச்செல்லாம் அவனிடம் பத்திரமாக இருந்தது. கார் ஓட்டிக்கொண்டு, இறங்கவும் முடியாமல், காதைப் பொத்தவும் முடியாமல் நான் எல்லாவற்றையும் கேட்டேன். பாவமாக இருந்தது. அந்தப் பாவத்துக்கும் மேலே ஒரு கோபம் ஏறியது, அது என்னைவிடப் பெரிதாக இருந்தது.

எங்கள் வீட்டு முன்னால் நிறுத்தினேன். அவன் வெறுங்காலோடு இறங்கி, கதவைத் திறந்தபடியே பிடித்துக்கொண்டு நின்றான். நான் இயந்திரத்தை அணைப்பேன் என்று காத்திருந்தான்.

"உள்ள வா, மார்சி. உக்காந்து பேசலாம். நான் எங்கயும் போகல."

அந்த வார்த்தையை எத்தனை வருஷம் கேட்கக் காத்திருந்தேன் என்று அவனுக்குத் தெரியும். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"உனக்குக் காது கேக்கலன்னு நெனச்சு இருபத்திரண்டு வருஷம் இருந்துட்டேன், நார்மன்" என்றேன். "கேட்டுட்டுத்தான் போயிருக்கே. இதுக்கப்புறம் ஒரு நாள்கூட என்னால முடியாது. வெந்நீர்ல குளி. கால் வெரல தேய்ச்சு விடு."

அவன் கதவை விட்டான். நான் காரைப் பின்னால் எடுத்தேன்.