பதினோராம் வீட்டுத் தாள்கள்

எங்கள் செவிலியர் கல்லூரியின் ஆய்வுச் சாதனை நாள் அழைப்பிதழில் என் பெயர் இரண்டாம் பக்கத்தில் அச்சாகியிருந்தது. சிறந்த மாணவர் ஆய்வு: அ. வர்ஷினி, முதுநிலை இரண்டாம் ஆண்டு. நெறியாளர்: பேராசிரியர் பிருந்தா. விளாங்குடியில் எங்கள் தெருவில் இருக்கும் அத்தனை வீட்டாருக்கும் அப்பா அந்த அழைப்பிதழைக் காட்டிவிட்டார். அந்த ஆய்வில் ஒரு வரி பொய் என்பது அன்றைக்கு மூன்று பேருக்குத்தான் தெரியும். எனக்கு, பிருந்தா மேடத்துக்கு, டி. கல்லுப்பட்டிக்குப் பக்கத்தில் மக்காச்சோளம் பயிரிடும் நல்லகாமன் ஐயாவுக்கு.

பக்கவாதத்தால் படுத்துவிட்டவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைத்தால் படுக்கைப்புண் வராமல் காக்கலாம் என்பது முதலாண்டிலேயே கற்பிக்கப்படும் பாடம். செவிலியர் யாரும் இல்லாத வீட்டில், குடும்பத்தாரே அதைத் தவறாமல் செய்ய முடியுமா என்பதுதான் என் ஆய்வு. நாகமலை புதுக்கோட்டையில் தொடங்கி டி. கல்லுப்பட்டி வரை பதினைந்து வீடுகளைத் தேர்ந்தெடுத்தோம். ஆறு வாரக் காலம். ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் ஒரு தாளை ஒட்டினேன். ஒரு நாளுக்குப் பன்னிரண்டு கட்டங்கள். புரட்டியதும் ஒரு டிக் போட வேண்டும். வாரம் ஒரு முறை நான் சென்று, நிரம்பிய தாளை வாங்கிக்கொண்டு, நோயாளியின் முதுகையும் இடுப்பையும் குதிகாலையும் என் கண்ணால் பார்த்துப் பதிவு செய்ய வேண்டும்.

பதினோராம் வீடு நல்லகாமன் ஐயாவுடையது. அவருடைய மனைவி ரெங்கம்மாளுக்கு ஐம்பத்திரண்டு வயது. வலக்கையும் வலக்காலும் விழுந்துவிட்டன, பேச்சும் போய்விட்டது. வலித்தாலும் வலிக்கிறது என்று சொல்ல இயலாதவர். மகள் முத்துச்செல்வி திருமங்கலத்தில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்துவிட்டு இருட்டிய பிறகே திரும்புவாள். ஆகவே பகல் முழுவதும் ரெங்கம்மாளைப் புரட்டுகிற பொறுப்பு ஐயாவுடையதாக இருந்தது.

இரண்டாம் வாரம் அவருடைய தாளில் மூன்று கட்டங்கள் காலியாக இருந்தன. வயதில் மூத்தவரை எப்படிக் கண்டிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. புண்ணைப் பற்றிச் சொன்னால் அவர் மனம் வருந்துவாரே என்று தயங்கி, சிரித்துக்கொண்டே வேறொன்றைச் சொன்னேன்.

"கட்டம் காலியா இருந்தா என் பரீட்சை போயிடும் ஐயா."

அவர் பதறி எழுந்து நின்றுவிட்டார். அதற்குப் பிறகு ஒரு கட்டம்கூடக் காலியாக இருக்கவில்லை. மூன்றாம் வாரம் விடுப்பில் இருந்த முத்துச்செல்வி என்னிடம் தாளை நீட்டியபடி, "எங்கப்பா ஓட்டுப்போடக்கூட இம்புட்டுப் பொறுப்பாப் போனதில்லக்கா" என்று கேலி செய்தாள். படுக்கையிலிருந்த ரெங்கம்மாளின் இடப்பக்க உதடு மட்டும் மெல்ல விரிந்தது. அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

ஐந்தாம் வாரம் அறுவடை. நான் வந்திருப்பதைக் கேள்விப்பட்டுக் காட்டிலிருந்து ஐயா ஓட்டமாக வந்தார். ரெங்கம்மாள் மல்லாந்து படுத்திருந்தார். கழுத்து வரை போர்வை மூடியிருந்தது, கண்களும் மூடியிருந்தன. அறையில் மூன்று நான்கு ஊதுபத்திகள் ஒன்றாகப் புகைந்துகொண்டிருந்தன. இப்போதுதான் துடைத்துவிட்டுத் தூங்க வைத்ததாகவும், முதுகு பளிங்கு போல இருப்பதாகவும், எழுப்ப வேண்டாம் என்றும் ஐயா சொன்னார். தாளில் எல்லாக் கட்டங்களும் நிரம்பியிருந்தன.

தூங்குகிற ஓர் அம்மாவின் போர்வையை விலக்குவதும், ஐயாவின் வீட்டிலேயே நின்றுகொண்டு அவர் வார்த்தையைச் சந்தேகிப்பதும் மரியாதை ஆகாது என்று எனக்குப் பட்டது. பேருந்துக்கு முன் இன்னும் இரண்டு வீடுகள் இருந்தன என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நோயாளி படுத்திருக்கும் அறையில் எந்த நாற்றத்தை மறைக்க ஊதுபத்தியை ஏற்றுவார்கள் என்பது செவிலியர் படிப்புப் படித்த எனக்குத் தெரியாததன்று. 'தோல் நன்று' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். ஆறாம் வாரமும் அதே ஊதுபத்தி, அதே போர்வை. அதையே எழுதினேன்.

பதினைந்து வீடுகளிலும் புண் இல்லை என்று ஆய்வு முடிந்தது. ஒரு மாதம் கழித்து நன்றிச் சான்றிதழ் கொடுக்க அந்த வீட்டுக்குப் போனேன். சுவரில் ரெங்கம்மாளின் படம் மாலையோடு இருந்தது. எனக்கு ஒரு நாற்காலியைப் போட்டுவிட்டு ஐயா தரையில் உட்கார்ந்தார். நான் கேட்காமலே சொன்னார்.

"அஞ்சாவது வாரமே புண்ணு வந்துருச்சு பாப்பா. அறுப்பு மிசினு வந்து நிக்குது, ஆளு கெடைக்கல. பகல்ல ரெண்டு மூணு தடவ புரட்டாம விட்டுட்டேன். ஆனா கட்டத்தக் காலியா விடல."

ஏன் எனக்குக் காட்டவில்லை என்று கேட்டேன்.

"காட்டுனா நீங்க எழுதணும்ல. எழுதுனா ஒங்கள பெயிலாக்கிருவாகளேன்னு பயந்துட்டேன். மஞ்சளும் வேப்பிலையும் அரச்சுப் போட்டுப் பாத்தோம். பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகையில செப்டிக் ஆயிருச்சுன்னுட்டாக." பிறகு, "பாஸாயிட்டீகளா?" என்று கேட்டார்.

நான் தலையசைத்தேன். அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. அந்தத் தெளிவைத்தான் என்னால் இன்றுவரை தாங்க முடியவில்லை.

மறுநாள் பிருந்தா மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எழுந்து போய் அறைக்கதவைச் சாத்திவிட்டு வந்தார். இருபத்திரண்டு ஆண்டுகள் பாடம் நடத்தியவருக்கு இதுதான் முதல் ஆய்வுக் கட்டுரை, இதழில் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். கல்லூரியின் தரத்தைச் சோதிக்கும் குழு வரும்போது காட்டுவதற்கும் இது ஒன்றுதான் இருந்தது. அந்த அம்மா இறந்தது ஆய்வுக்காலம் முடிந்த பிறகு, ஆகவே அது நம் கணக்கில் வராது என்று மெதுவாக விளக்கினார்.

"அஞ்சாவது வாரம் 'தோல் நன்று'ன்னு எழுதினது யாரு, வர்ஷினி?" என்றார். மிரட்டலாகக் கேட்கவில்லை. பேனாவைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். "இது வெளியில போனா டிகிரி போகும். ஒனக்கு மட்டுமில்ல, எனக்கும் வேலை நிலைக்காது."

நான் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்துவிட்டேன்.

பதினைந்து வீட்டுக்கும் அழைப்பிதழ் போயிருந்தது. முகவரிகளை எழுதியது நான்தான்; பதினொன்றை விட்டுவிட மனம் வரவில்லை. அவர் வருவார் என்று நினைக்கவும் இல்லை. விழா நாளன்று நல்லகாமன் ஐயா வெளுத்த வேட்டி சட்டையோடு, முத்துச்செல்வியைக் கூட்டிக்கொண்டு அரங்க வாசலில் நின்றார். கையில் ஜவுளிக்கடைப் பை ஒன்று இருந்தது.

"கடைசித் தாளுக எங்கிட்டயே தங்கிருச்சு பாப்பா. நீங்க கொடுத்தது மிச்சம் இருந்துச்சு, ஆறு வாரத்துக்கு அப்புறமும் போட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்."

பையை வாங்கித் தாள்களைப் புரட்டினேன். ரெங்கம்மாள் இறந்தது பதினான்காம் தேதி விடியற்காலை. பதினான்காம் தேதிக்கு நேரே பன்னிரண்டு கட்டங்களிலும் டிக் இருந்தது. அடக்கம் செய்த பதினைந்தாம் தேதியிலும் பன்னிரண்டு.

இருவரையும் உள்ளே கூட்டிப்போய் உட்கார வைத்தேன். மேடையில் அதற்குள் பேச்சு தொடங்கிவிட்டது. சுகாதார அதிகாரி ஒருவர் எங்கள் தாளை உயர்த்திப் பிடித்து, அடுத்த மாதம் முதல் நானூறு வீடுகளில் இதை ஒட்டப்போவதாக அறிவித்தார். கட்டங்கள் நிரம்பியிருக்கின்றனவா என்று பார்த்தாலே போதும், நேரம் மிச்சம் என்றார். கைதட்டினார்கள்.

நான் ஐயாவிடம் குனிந்து, மேடையில் உண்மையைச் சொல்லிவிடப் போகிறேன், என்னை மன்னிக்க வேண்டும் என்றேன். அவர் என் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டார்.

"வேணாம் பாப்பா. ஒங்க படிப்புக்காச்சும் ஆச்சுன்னு இருந்தேன். அதுவும் இல்லன்னா அவ எதுக்குச் செத்தா?"

என் பெயரை அழைத்தார்கள். நானூறு வீடுகளிலும் யாராவது ஒருவர் போர்வைக்குள் பேசாமல் படுத்திருப்பார் என்ற எண்ணத்தோடுதான் படியேறினேன்.

கேடயத்தை வாங்காமல் ஒலிபெருக்கியைக் கேட்டு வாங்கினேன். முதலில் சபையோரிடம் மன்னிப்புக் கேட்டேன். பிறகு பிருந்தா மேடத்திடமும் கேட்டேன். பதினோராம் வீட்டில் ஐந்தாம் வாரமும் ஆறாம் வாரமும் நான் நோயாளியின் முதுகைப் பார்க்கவில்லை, பார்க்காமலே எழுதினேன், அங்கே புண் இருந்தது, அந்த அம்மா இறந்துவிட்டார் என்றேன். கட்டங்கள் என் பரீட்சைக்கு என்று அந்தக் குடும்பத்துக்குச் சொல்லிக் கொடுத்தது நான், ஆகவே குற்றம் என்னுடையது என்றேன். தயவுசெய்து இந்தத் தாளை நம்பி யாரும் முதுகைப் பார்க்காமல் இருந்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். நான் நிறுத்தியதும் கடைசி வரிசையில் யாரோ பழக்கத்தில் கைதட்டத் தொடங்கிப் பாதியில் விட்டுவிட்டார்கள். பிருந்தா மேடம் மடியிலிருந்த அழைப்பிதழை இரண்டாக, நான்காக மடித்துக்கொண்டே இருந்தார்.

இறங்கி வந்தபோது ஐயா இருந்த நாற்காலி காலியாக இருந்தது. வாசலைத் தாண்டி ஓடினேன். பேருந்து நிறுத்தத்தில் அவர் கம்பத்தில் நெற்றியை வைத்து நின்றிருந்தார். தோள்கள் குலுங்கின. நான் நெருங்குவதற்கு முன் முத்துச்செல்வி குறுக்கே வந்தாள்.

"போங்கக்கா" என்றாள். குரலில் கோபம் இல்லை. "எழவு விழுந்தன்னைக்குக்கூட எங்கப்பா அழுகல. இன்னைக்குத்தான் அழுகுறாரு."

பேருந்து வந்தது. அவள் அவர் முழங்கையைப் பிடித்து ஏற்றிவிட்டாள். சன்னலோரம் உட்கார்ந்தவர் என் பக்கம் திரும்பவில்லை. பேருந்து வளைவில் மறைந்த பிறகுதான் அந்தப் பை என் கையிலேயே தங்கிவிட்டதைக் கவனித்தேன். அன்று மாலை இதழாசிரியருக்கு எழுதிய கடிதத்தோடு அந்தத் தாள்களின் நகலை இணைத்தேன். அசலை யாரிடம் திருப்பிக் கொடுப்பது என்று தெரியாமல் வைத்திருக்கிறேன்.