தெற்கே போன சத்தம்

செம்மணல் மேடுகள் நிறைந்த தேரிக்காட்டுக்கு நடுவே வண்டி இரண்டு முறை இருமியது. பர்னபாஸ் ஆக்சிலேட்டரை முறுக்கினான். இன்னொரு முறை இருமிவிட்டு எஞ்சின் அணைந்தது. சக்கரங்கள் மட்டும் கொஞ்ச தூரம் ஓசையில்லாமல் ஓடி, ரோட்டோரத்துப் பனை ஒன்றின் பக்கத்தில் நின்றன.

பின்னால் உட்கார்ந்திருந்த பங்குச் சாமியார் என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. அவர் நெஞ்சோடு சேர்த்து நற்கருணைச் சிமிழைப் பிடித்திருந்தார். சாகக் கிடக்கிறவருக்கு நன்மை என்கிற அந்த நற்கருணை அப்பத்தைக் கொண்டுபோகும்போது வழியில் வாய் திறக்கக் கூடாது என்பது அவர் விடாமல் வைத்திருந்த பழைய முறை. இறங்கி, அங்கியைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வெயிலில் நின்றார்.

பர்னபாஸ் டாங்கின் மூடியைத் திறந்து வண்டியை ஆட்டிப் பார்த்தான். உள்ளே எதுவும் தளும்பவில்லை. பெட்ரோல் குழாயைக் குனிந்து பார்த்தான். ரிசர்வில் இருந்தது. பார்த்துத்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. காலையில் அவனேதான் அதைத் திருப்பி வைத்திருந்தான்.

ஆலந்தலையில் அவனுடைய அப்பா அம்புரோஸ் கயிற்றுக் கட்டிலில் மூச்சுக்கு இழுத்துக்கொண்டிருந்தார்.

வண்டி அவனுடையது இல்லை. திருச்செந்தூரில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் செபாஸ்டினுடைய எஸ்டி மோட்டார்சைக்கிள். பர்னபாஸிடம் இருந்தது ஒரு மொபெட். தூத்துக்குடி துறைமுகத்தில் அவனோடு வேலை பார்க்கிற கிளார்க்குகள் அதைத் தையல் மிஷின் என்பார்கள். சனிக்கிழமை தோறும் ஊருக்கு வரும்போது லாரிகள் அவனை ரோட்டை விட்டு மண்ணில் இறக்கிவிட்டுப் போகும். அப்பாவைப் பின்னால் ஏற்றினால் மேட்டில் இழுக்காது. அவர் இறங்கி, பேசாமல் வண்டிக்குப் பின்னால் நடந்து வருவார். யாராவது பார்க்கிறார்களா என்று பர்னபாஸ் திரும்பிப் பார்ப்பான்.

பெரிய வண்டி வாங்குவதா வேண்டாமா என்று ஒரு வருஷமாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தான். அம்மா பிரகாசி வேண்டாம் என்றாள். மனைவி பிளாரன்ஸ் உங்கள் இஷ்டம் என்றாள், அதுவும் வேண்டாம் என்பது மாதிரிதான். அப்பாவுக்கு முடியவில்லை என்று அவன் லீவில் வந்திருந்தபோது செபாஸ்டின் வண்டியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினான். ஏரலில் ஒரு அரிசி வியாபாரி கேட்கிறார், ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் வைத்து ஓட்டிப் பார், பிடித்திருந்தால் உனக்குத்தான் என்றான். டாங்கில் நான்கு லிட்டர் பெட்ரோலும் ஊற்றியே கொடுத்தான்.

சத்தம் கேட்டு அப்பா கட்டிலிலிருந்து தலையைத் திருப்பினார். துறைமுகத்தில் வின்ச் ஓட்டி ரிட்டயர் ஆனவர், எஞ்சின் என்றால் காது தானாகப் போகும்.

"ரெட்டைச் சைலன்சராலே?"

"ஆமாப்பா."

"வாங்குலே," என்றார். அதற்குமேல் பேச மூச்சு இல்லை.

டாக்டர் முந்தின நாளே கையை விரித்துவிட்டார். அப்போதே சாமியாரைக் கூப்பிட்டு, சாகுமுன் பூசுகிற அவஸ்தை எண்ணெயைப் பூசியிருக்கலாம். அம்மாதான் விடவில்லை. அந்த எண்ணெய் நெற்றியில் பட்டால் உயிர் போய்விடும் என்று அவளுக்குப் பயம். அவளுடைய அப்பாவுக்கு அப்படித்தான் ஆயிற்றாம். நாளைக்குப் பார்க்கலாம், நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளினாள். அந்த நாளைக்கு விடிந்ததும் சாமியார் சாத்தான்குளத்துப் பக்கம் கிளைக்கோயிலுக்குப் பூசை வைக்கக் கிளம்பிப் போய்விட்டார்.

அன்று காலை அப்பாவுக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்தது. இரண்டு மடக்கு காப்பி உள்ளே போயிற்று. திருச்செந்தூருக்குப் போய் மருந்து வாங்கி வருகிறேன் என்று பர்னபாஸ் எஸ்டியை எடுத்தான். திருச்செந்தூர் வடக்கே இருக்கிறது. அவன் வண்டியைத் தெற்கே திருப்பினான். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிவிடலாம் என்றுதான் நினைத்தான். மணப்பாட்டு ரோடு காலியாகக் கிடந்தது. கடல் ஒரு பக்கமாகக் கூடவே ஓடி வந்தது. மொபெட்டில் அவன் ஒருநாளும் எதையும் முந்தியதில்லை. அன்று பஸ்ஸை முந்தினான், லாரியை முந்தினான். குலசேகரன்பட்டினம் தாண்டியும் திரும்ப மனம் வரவில்லை. மணப்பாடு வரை போய்த் திரும்பி ஊர் முகப்புக்கு வந்தவன், இன்னும் ஒரு தடவை என்று மறுபடியும் போனான். அப்பா சாகக் கிடக்கிறார் என்பது அவனுக்கு மறந்துபோகவில்லை. மறந்திருந்தால்கூடச் சொல்லிக்கொள்ள ஒரு சாக்கு இருந்திருக்கும். தெரிந்தேதான் ஓட்டினான், சந்தோஷமாக ஓட்டினான்.

கடைசியில் மருந்தை வாங்கிக்கொண்டு திரும்பும்போது வண்டி திணறியது. குழாயை ரிசர்வுக்குத் திருப்பினான். வீட்டில், கடை தாமதமாகத் திறந்தது என்றான். மாமனாருக்கு விசிறிக்கொண்டிருந்த பிளாரன்ஸ் அவனை ஏறிட்டுப் பார்த்துவிட்டு மருந்தை வாங்கிக்கொண்டாள்.

உச்சிப்பொழுதில் அப்பாவின் மூச்சு மாறியது. அம்மாவே சாமியாரைக் கூட்டி வா என்று கத்தினாள். பர்னபாஸ் எஸ்டியில் பறந்தான். திருச்செந்தூர் பெட்ரோல் பங்க்கில் ஒரு லாரி பிடித்துக்கொண்டிருந்தது. நிற்கப் பொறுமை இல்லை. ரிசர்வில் எவ்வளவு தூரம் ஓடும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டான். போட்டது மொபெட் கணக்கு. மொபெட்டில் அடியில் கிடக்கிற சொட்டு சாத்தான்குளம் போய்த் திரும்பும். பெரிய வண்டி எவ்வளவு குடிக்கும் என்று அவனுக்குப் பழக்கமில்லை.

சாமியார் கேள்வி கேட்காமல் புறப்பட்டார். நன்மை வருகிறது என்று முன்னால் மணியடித்துப் போக ஆள் வேண்டும், அதனால் ஊரைத் தாண்டும்வரை ஹாரனை விட்டு விட்டு அடி என்று மட்டும் ஏறுமுன் சொன்னார். அவன் அடித்தான். தெருவில் நின்றவர்கள் தலைத்துண்டை எடுத்துவிட்டு முழங்காலில் விழுந்தார்கள். பெண்கள் முக்காடு போட்டுக்கொண்டார்கள். அவர்கள் மண்டியிட்டது சாமியார் நெஞ்சிலிருந்த சிமிழுக்கு. ஆனாலும் முன்னால் உட்கார்ந்திருந்தவனுக்கு உடம்பு ஒரு சுற்றுப் பருத்த மாதிரி இருந்தது. அதற்கப்புறம்தான் தேரிக்காடு வந்தது.

வண்டியைப் பனையேறி ஒருவருடைய குடிசையோரம் சாத்திவிட்டு இரண்டு பேரும் நடந்தார்கள். செம்மண் செருப்புக்குள் புகுந்து சுட்டது. வெகுநேரம் கழித்து ஒரு பஸ் வந்தது. திருச்செந்தூரில் இறங்கிக் குதிரைவண்டி பிடித்தார்கள். சாமியார் அவ்வளவு நேரமும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஆலந்தலையில் கருவாடு காயப் போட்டிருந்த பெண்கள் வண்டியில் சாமியாரைப் பார்த்ததும் மணலில் முழங்காலிட்டார்கள். ஒரு கிழவி, நேரத்துக்கு வந்துட்டாவ என்று கையெடுத்துக் கும்பிட்டாள். பர்னபாஸ் குதிரையின் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தான். தெரு திரும்பியதும் வீட்டிலிருந்து அழுகைச் சத்தம் கேட்டது.

உடம்பு இன்னும் சூடாக இருந்தது. சாமியார் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு எண்ணெயை எடுத்தார். இப்படித் தாமதமாகும்போது சொல்வதற்கென்று ஒரு முறை இருக்கிறது. உயிர் இருக்குமானால் இந்தப் பூசுதல் உனக்கு ஆகட்டும் என்று சொல்லிப் பூசினார். அம்மா அழுகையை நிறுத்தி அதைக் கேட்டாள்.

"இருக்குமானாலா," என்றாள். "அப்போ ஆகாதா சாமி?"

ஆண்டவர் இரக்கமுள்ளவர் என்றார் சாமியார். அம்மா அதைக் காதில் வாங்கவில்லை. வழியில் வண்டியில் பெட்ரோல் தீர்ந்துபோயிற்று என்று மட்டும் பர்னபாஸ் அவளிடம் சொன்னான்.

செபாஸ்டின் செய்தி கேட்டு ஓடி வந்தான். அம்புரோஸ் அவனுக்கு ஞானத்தகப்பன். ஞானஸ்நானத்தில் அவனைக் கையில் ஏந்தியவர். சின்ன வயதில் அப்பனை இழந்தவனுக்கு அந்த வீடுதான் பாதி வீடு. வாசலில் செருப்பைக் கழற்றியவனை அம்மா பார்த்தாள்.

"பெட்ரோல் இல்லாத வண்டியவா குடுத்தே? ஒன்னையத் தூக்கிச் சுமந்த மனுசன்லா. அவஸ்தை இல்லாம அனுப்பி வச்சிட்டியே."

கூடியிருந்தவர்கள் எல்லோரும் செபாஸ்டினைப் பார்த்தார்கள். அவன் பர்னபாஸைப் பார்த்தான், ஒரே ஒரு முறை. நான்தான் தீர்த்தேன் என்று சொல்வதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? அம்மாவின் முகத்தைப் பார்த்தான். அப்புறம் தரையைப் பார்த்தான்.

"நான் கவனிக்கல மாமி," என்றான் செபாஸ்டின். "என் தப்புதான்."

மறுநாள் காலை அடக்கம். அவர்கள் குடும்பத்தில் ஞானப்பிள்ளை இருந்தால் பெட்டிக்குத் தலைமாட்டில் தோள் கொடுப்பது அவன்தான். செபாஸ்டின் துண்டைத் தோளில் மடித்துப் போட்டுக்கொண்டு வந்து குனிந்தான். அம்மா சத்தம் போடவில்லை. அவன் தொட வேண்டாம் என்று மெதுவாகத்தான் சொன்னாள். அது எல்லாருக்கும் கேட்டது. தலைமாட்டில் ஆள் குறைந்தது. பிள்ளை பிடிக்கட்டும் என்று யாரோ சொன்னார்கள். பர்னபாஸ் போய் அந்த இடத்தில் தோள் கொடுத்தான். பெட்டி கனக்கவில்லை, அப்பா அவ்வளவு இளைத்திருந்தார். கல்லறைத் தோட்டம் வரை அவன் அழுதுகொண்டே போனான். அப்பனுக்காக எப்படி அழுகிறான் பார் என்றார்கள். பாதி அழுகைதான் அப்பாவுக்காக என்பது அவனுக்கு மட்டும் தெரியும்.

மத்தியானத்துக்கு மேல் செபாஸ்டின் பெட்ரோல் டின்னோடு வந்தான். வீட்டுக்குள் வராமல் தெருவிலேயே நின்று சாவி கேட்டான். நானும் வருகிறேன் என்று பர்னபாஸ் அவனை மொபெட்டில் ஏற்றிக்கொண்டான். தேரியில் எஸ்டி நிறுத்திய இடத்திலேயே நின்றது. செபாஸ்டின் டின்னைக் கவிழ்த்துப் பெட்ரோலை ஊற்றத் தொடங்கினான்.

"செபாஸ்டின், நேத்து காலையில நான்…"

"தெரியும்லே."

ஊற்றுவதை நிறுத்தாமலே சொன்னான். "மணப்பாட்டுல ஒரு வேலை முடிச்சிட்டு பஸ்ஸுல வாரேன். எதிர்த்தாப்புல நீ வாரே. சட்டை காத்துல பொங்கிக் கெடக்கு. சிரிச்சுக்கிட்டே போனே. வண்டி ஒனக்குப் பிடிச்சுப் போச்சுன்னு நெனச்சேன்."

பர்னபாஸ் மணலில் உட்கார்ந்துவிட்டான். "பொறவு ஏம்லே சொல்லல?"

செபாஸ்டின் மூடியைத் திருகினான். "என்னைய ஏசிட்டு மாமி வீட்டுக்குள்ள போய்ப் படுத்துக்கிடலாம். ஒன்னைய ஏசிட்டு அவிய எங்க போவாவ?"

பனைகளுக்கு நடுவே காற்று மணலை ஊதிக்கொண்டு போனது. செபாஸ்டின் கிக்கரை ஓர் உதை உதைத்தான். எஞ்சின் உடனே பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தம் கேட்டதும் பர்னபாஸின் வலது கை ஆக்சிலேட்டரைப் பிடித்த மாதிரி தானாக ஒரு முறை முறுக்கியது. அதைப் பார்த்து அவனுக்கே கூசியது. காலையில்தான் அந்தக் கையால் அப்பாவின் குழியில் மண் போட்டிருந்தான்.

"ஏரல்காரர் ஆள் விட்டிருக்காரு," என்றான் செபாஸ்டின். "ஒனக்கு வேணுமா, வேண்டாமா?"

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான்.

"ஞாயித்துக்கெழம சொல்லுதேன்," என்று வந்தது.

செபாஸ்டின் சரி என்று தலையாட்டினான். மேடான இடங்களில் வேகத்தைக் குறைத்து, மொபெட் வந்து சேருகிறதா என்று திரும்பிப் பார்த்துப் பார்த்துப் போனான்.

பர்னபாஸ் வீடு திரும்பியபோது வெயில் தாழ்ந்திருந்தது. பின்பக்கம் கால் கழுவப் போனான். பிளாரன்ஸ் செம்பில் தண்ணீர் மொண்டு அவன் காலில் ஊற்றினாள்.

"நேத்து நீங்க வண்டி எடுத்ததும் சத்தம் தெக்க போவுதுன்னு மாமா சொன்னாவ."

அவன் நிமிர்ந்து பார்த்தான். அவள் செம்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேற என்ன சொன்னாவ?"

"ஓட்டட்டும்னாவ. கேட்டுக்கிட்டே கெடந்தாவ. திரும்பி வந்து மறுபடியும் போனதையும் சொன்னாவ." மிச்சத் தண்ணீரை ஊற்றிவிட்டு அவள் உள்ளே போனாள்.

அப்பா படுத்திருந்த இடத்தில் பாய் விரித்து, சிலுவையில் அறைந்த பாடுபட்ட சுரூபத்தை வைத்து, செபமாலை சொல்ல உட்கார்ந்தார்கள். அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்திருந்தார்கள். அம்மா குரல் உடையாமல் ஜெபித்தாள். ஒப்பாரி அடங்கிய பிறகு அவள் வேறு ஆளாக, சிறுத்துப்போய்த் தெரிந்தாள். செபமாலை முடிந்தது. பரலோகத்தில் இருக்கிற எங்கள் பிதாவே என்று தொடங்கும் பரலோக மந்திரத்தைச் செத்தவருக்காக ஒன்று சொன்னார்கள், உத்தரிக்கிற ஆன்மாக்களுக்காக ஒன்று சொன்னார்கள். எழுந்திருக்கப் போனவர்களை அம்மா கையமர்த்தினாள்.

"செபாஸ்டினுக்காக ஒண்ணு சொல்லுங்க," என்றாள். "பெட்டியத் தொட விடாம ஆக்கிட்டேன். மனசு கேக்கல. அந்தப் பிள்ள தெரியாமச் செஞ்சது. ஆண்டவர் அவனப் பொறுக்கட்டும்."

பெண்கள் மூக்கை உறிஞ்சினார்கள். பெரிய மனசு என்று ஒருத்தி முணுமுணுத்தாள். அம்மா பர்னபாஸின் முழங்காலில் கை வைத்தாள். இனி வீட்டுக்கு ஆண்பிள்ளை அவன்தான்.

"நீ தொடங்குய்யா."

எல்லோரும் காத்திருந்தார்கள். தெருவில் ஏதோ சைக்கிள் போனது. பர்னபாஸ் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினான். குரல் நடுங்கும் என்று பயந்தான். நடுங்கவில்லை, தெளிவாகவே வந்தது. முதல் பாதியை அவன் முடித்ததும் பெண்கள் சேர்ந்து மறுபாதியைச் சொன்னார்கள். எங்கள் பிழைகளைப் பொறுத்தருளும் என்று கேட்கிற வரி அந்த மறுபாதியில்தான் வருகிறது. பக்கத்தில் பிளாரன்ஸின் குரல் மட்டும் கேட்கவில்லை. அம்மா கண்ணை மூடி, அவன் முழங்காலில் வைத்த கையை எடுக்காமல், மெதுவாகத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.