இளையவர்தான் முதலில் சொல்ல வேண்டும்

1

இந்தக் கதை எனக்கு ஒரு விருந்தில் கிடைத்தது. மூன்று நீதிபதிகள் கதவைச் சாத்திக்கொண்டு என்னதான் பேசுவீர்கள் என்று ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரிடம் கேட்டேன். அவர் பீட்ரூட் சூப்பில் கரண்டியை வைத்துவிட்டு, "அதை என் வீட்டுக்காரர்கிட்டகூட சொன்னதில்லை. கேட்டுக் கேட்டு அவருக்கே சலிச்சுப்போச்சு" என்றார்.

சட்டத்திலேயே இருப்பதால் ஒன்றை மட்டும் சொன்னார். உள்ளே இளைய நீதிபதிதான் முதலில் வாக்களிக்க வேண்டும். தலைவர் கடைசி. பெரியவர் முகத்தைப் பார்த்துச் சின்னவர் பேசிவிடக் கூடாதாம்.

எனக்கு மெய்சிலிர்த்தது. இத்தனை குடும்பக் கதைகள் எழுதியிருக்கிறேன். ஒரு வீட்டு மேசையிலாவது இப்படி நடந்து பார்த்ததில்லை.

2

"லூப்லின் நகரத்தின் மேல் பனி மெல்ல..." (இந்தத் தொடக்கம் வேண்டாம். பனி இல்லாமலும் இங்கே நாங்கள் வாழ்கிறோம்.)

என் கதாநாயகி டோப்ரவா, எல்லையோரச் சிற்றூர் ஒன்றின் நீதிபதி. எட்டு மாதமாக லூப்லின் மேல் நீதிமன்றத்தில் தற்காலிகப் பணி. அனுப்பியவர் நீதி அமைச்சர். காரணம் சொல்லாமல், ஒரே தாளில், திருப்பி அனுப்பவும் அவரால் முடியும். கணவன் இக்நாட்ஸி லூப்லினில், தலைக்கு மேலே போகும் மின்கம்பியில் ஓடும் டிராலி பஸ் ஓட்டுகிறான். ஐந்து வருடம் சனி ஞாயிறுத் தம்பதியாக இருந்துவிட்டு இப்போதுதான் ஒரே கூரை.

அப்போது வந்தது அந்த மேல்முறையீடு. அதே அமைச்சரின் விழாவில் எதிர்ப்புப் பலகை பிடித்து நின்ற தேனீ வளர்ப்பவருக்குக் கீழ் நீதிமன்றம் எட்டு மாதச் சிறை கொடுத்திருந்தது. விசாரிக்கும் மூவரில் டோப்ரவாதான் இளையவள். கோப்பில் குற்றம் எங்கே என்று தேடித் தேடிப் பார்த்தாள். கிடைக்கவில்லை.

3

முதலில் இக்நாட்ஸியைக் கோழையாக எழுதினேன். 'நமக்கு எதுக்கு வம்பு' என்று அவன்... (அடித்துவிட்டேன். அவன் அப்படிப்பட்டவன் இல்லை. எனக்கு வசதியாக இருந்தது, அவ்வளவுதான்.)

வழக்கைப் பற்றி அவள் வீட்டில் வாய் திறக்கவில்லை. ஆனால் யாருடைய வழக்கு என்று ஊரே பத்திரிகையில் படித்திருந்தது. விசாரணை அன்று காலை ரொட்டியில் வெண்ணெய் தடவியபடி அவன் சொன்னான்:

"கம்பி இருக்கிற ஊர்லதான் என் வண்டி ஓடும், டோப்ரவா. உன் பின்னாடியே வந்துட முடியாது."

"தெரியும்."

"இதையும் தெரிஞ்சுக்கோ. நீ பயந்துட்டு வீட்டுக்கு வந்தா, தினமும் அந்த மூஞ்சிய நான் பார்க்கணும். அதுக்கு சனி ஞாயிறே தேவலை."

ஊதாக் கரை வைத்த நீதிபதி அங்கியை அவனே மடித்துப் பையில் வைத்தான். மடிப்பு கோணல். அவள் சரிசெய்யவில்லை.

4

வாதங்கள் முடிந்தன. ஆலோசனை அறை வாசலில் தலைவர் செவெரின் சொன்னது வரை எனக்குத் தெரியும்.

"வாங்கம்மா. நான் இருமினாகூட அதுல அர்த்தம் தேடாதீங்க. நீங்கதான் முதல்ல."

கதவு சாத்தப்பட்டது.

கதாசிரியருக்கு எந்தக் கதவும் திறக்கும் என்பார்கள். புதுமணத் தம்பதியின் அறைக்குள்ளேயே கூசாமல் போய் வந்தவள் நான். இங்கே கை எழவில்லை. உள்ளே ஒரு மேசை, மூன்று நாற்காலிகள். வெளியே அமைச்சர், காவல்துறை, முழு அரசாங்கம். அத்தனையும் ஒரு டிராலி பஸ்காரன் மனைவி வாய் திறப்பதற்காகக் காத்து நிற்கின்றன.

5

மூன்று முடிவுகள் எழுதி வைத்திருந்தேன். ஒன்றில் திருப்பி அனுப்பும் அந்தத் தாள் வருகிறது. ஒன்றில் வரவில்லை, ஆனால் வீட்டில் யாரும் சிரிப்பதில்லை. மூன்றாவதில், டோப்ரவா மூச்சை இழுத்து, "என் கருத்து..."

இல்லை. இந்தக் கதைக்குத் தலைவர் நான். என் மனத்தை முதலில் சொன்னால் நீங்கள் சாய்ந்துவிடுவீர்கள். இந்த மேசைக்குக் கடைசியாக வந்து உட்கார்ந்த இளையவர் நீங்கள்தான்.

நான் இருமக்கூட மாட்டேன். சொல்லுங்கள்.