ஹோசியாவின் முறை

டார்லாவின் காப்பிக் கடைச் சுவரில் அந்தப் படம் இல்லை. நாலு வருஷமாகக் கல்லாவுக்கு மேலே தொங்கிய படம். இப்போது ஆணி மட்டும் இருந்தது. ஆணிக்குக் கீழே, எண்ணெய்ப் புகை படியாத ஒரு வெள்ளைச் சதுரம்.

ஹோசியா டில்லரி கதவைத் திறந்ததும் முதலில் பார்த்தது அதைத்தான். தேர்தல் முடிவு வந்த மறுநாள், புதன்கிழமை காலை. அமெரிக்காவுக்கு முதன்முதலாக ஒரு கறுப்பர் ஜனாதிபதியாகிறார் என்று டி.வி. சொல்லி முடித்திருந்தது. மிசிசிப்பியில் லார்க்கின் என்ற அந்தச் சின்ன ஊரில், டார்லாவின் கடைக்குள் அந்தச் செய்தி சாவு வீட்டுத் தந்தி மாதிரி வந்து சேர்ந்திருந்தது. வழக்கமாக ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்காத கடை அது. இன்றைக்குத் தட்டில் கரண்டி படும் சத்தம் மட்டும் கேட்டது. ஊரே துக்கம் காத்தது என்று சொன்னால் தப்பு. பாதி ஊர்தான். மீதிப் பாதிக்கு ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் வீடு. அங்கே விடிய விடியக் கார் ஹாரன் அடித்தார்கள்.

"படம் எங்க, மிஸ் டார்லா?" என்று கேட்டார் ஹோசியா.

"தொடைக்கறதுக்கு எடுத்தேன்" என்றாள் டார்லா. அவள் கையில் துணி எதுவும் இல்லை. ஹோசியாவின் முகத்தைப் பார்க்காமல் கோப்பையில் காப்பியை ஊற்றினாள்.

அந்தப் படத்தில் இருந்தது ஹோசியாவும் வெண்டல் கிராஃப்டும். ஹோசியா பருத்தி ஆலையில் இயந்திரம் பழுது பார்த்து ஓய்வு பெற்றவர். வெண்டல் மாட்டுத் தீவனக் கடை முதலாளி. அவர் வெள்ளைக்காரர், இவர் கறுப்பர். ஆனாலும் முப்பது வருஷமாக ஒரே மேஜையில் காப்பி குடிக்கிறவர்கள். கொஞ்ச வருஷமாக, ஜனாதிபதி தேர்தல் வந்தால் இருவரும் பந்தயம் கட்டுவார்கள். தோற்றவன் ஜெயித்தவனை ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியில் உட்கார வைத்து, பருத்தி ஆலை வாசலிலிருந்து கோர்ட்டுப் படிக்கட்டு வரைக்கும் கடைத்தெரு வழியாகத் தள்ள வேண்டும். அந்த நாட்டில் இது பழைய பழக்கம். இதுவரை இரண்டு தடவை கட்டினார்கள், இரண்டு தடவையும் ஹோசியாதான் தோற்றார். முதல் தடவை முடிவு வரவே ஒரு மாதத்துக்கு மேல் இழுத்துக்கொண்டு போனதால் டிசம்பர் மழையில் தள்ளினார். இரண்டாவது தடவை வெயில். ஊர் கைதட்டியது. மிட்டாய் எறிந்தது. வெண்டல் நல்ல பருமன், மாலையும் கழுத்துமாக ராஜா போல உட்கார்ந்திருந்தார். ஹோசியா நாக்குத் தள்ளப் பின்னால் நின்றார். அதைத்தான் டார்லா சட்டம் போட்டு மாட்டியிருந்தாள்.

ஹோசியா தன் வழக்கமான நாற்காலியில், வெண்டலுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"சனிக்கிழமைதானே?"

வெண்டல் முட்டையை வெட்டிக்கொண்டே இருந்தார். "பாக்கலாம்."

"பாக்க என்ன இருக்கு? ரெண்டு தடவையும் சனிக்கிழமைதான் நடந்துது."

பக்கத்து மேஜையிலிருந்து கில் திரும்பினான். வெண்டலின் மருமகன். துப்பாக்கியும் தூண்டிலும் விற்கிற கடை வைத்திருக்கிறான். அன்றைக்குக் கடை திறக்கும் முன்பே வாசலில் வரிசை நின்றது. உலகம் அழியப்போகிறது, அதற்குள் தோட்டா வாங்கிவிட வேண்டும் என்று ஊருக்கு அவசரம். துக்க வீட்டில் நன்றாகக் கல்லா கட்டுகிறவன் கில் ஒருவன்தான். இருந்தாலும் முகத்தைத் தூக்கி வைத்திருந்தான்.

"இப்ப எதுக்கு அந்தக் கூத்து?" என்றான். "நாட்டையே தூக்கிக் குடுத்தாச்சு. அதுக்கு ஊர்வலம் வேற விடணுமா?"

"போன தடவ நான் தள்ளிட்டு வந்தப்ப விசில் அடிச்சது நீதான் கில். மறந்துட்டியா?"

"அது வேற. அது வெளையாட்டு."

"ஓஹோ. நான் தள்ளினா வெளையாட்டு. நான் உக்காந்தா அரசியலா?"

ஒருத்தர் செய்தித்தாளைச் சத்தமாக மடித்தார். வெண்டலின் காது மடல் சிவந்தது. கோடையில், இதே கடையில், இதே ஆட்கள் முன்னால் மேஜையைத் தட்டி, "அந்த ஆளா? அந்த ஆளு ஜெயிச்சா ஒன்ன ரெண்டு தடவ தள்றேன்டா" என்று சிரித்தவர் அவர். வாக்கு மாறினார் என்று பெயரெடுத்தால் தீவனக் கடையில் யார் அவர் சொல்லை நம்பிச் சரக்கு எடுப்பார்கள்?

"சொன்னா சொன்னதுதான்" என்றார் கடைசியில், தட்டைப் பார்த்தபடி. "சனிக்கிழமை, பத்து மணி. ஒரு தடவதான்."

ஹோசியாவுக்கு அது போதும். காப்பியைக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார்.

வீட்டில் அவர் மனைவி வெர்லீன் அதைக் கேட்டு அடுப்பை அணைத்தாள். முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை பார்க்கிறவள். அன்று மத்தியானம் அவள் நீட்டிய தட்டை ஒரு கிழவர் வாங்கவில்லை.

"வருஷக் கணக்கா என் கையால சாப்படற மனுஷன்" என்றாள். "'உங்காளுதான் வந்துட்டானே, நீங்க எதுக்கு இன்னும் தட்டு தூக்கறீங்க'ன்னு கேக்கறான். பக்கத்துல இருக்கறவங்கல்லாம் சிரிக்கறாங்க. நான் தட்ட வெச்சுட்டு வந்துட்டேன். ஊரு இப்படி இருக்கு, நீ வண்டியில ஏறி அவங்க மூஞ்சிக்கு நேரா போறேங்கற."

"ரெண்டு தடவ தள்ளியிருக்கேன் வெர்லீன்."

"அதனால? நாம ஜெயிச்சாச்சு. வீட்ல உக்காந்து சந்தோஷப்படேன் மனுஷா."

"வீட்டுக்குள்ள சந்தோஷப்படத்தான் நமக்கு எப்பவும் அனுமதி உண்டே" என்றார் ஹோசியா. "நான் ஒண்ணும் பெருசா கேக்கல. அந்தத் தெருவுல ஒரே ஒரு தடவ உக்காந்து போகணும். அவ்வளவுதான்."

வெர்லீன் மறுபடி அடுப்பைப் பற்ற வைத்தாள். சம்மதம் என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை ராத்திரி மட்டும் அவருடைய ஞாயிற்றுக்கிழமைக் கோட்டை எடுத்துத் தேய்த்து வைத்தாள்.

சனிக்கிழமை பருத்தி ஆலை வாசலில் வெண்டல் வண்டியோடு வந்து நின்றார். பழைய வண்டிதான், சிமெண்ட்டு ஒட்டிய தகரத் தொட்டி. முன்பெல்லாம் ஹோசியா அதைக் கழுவி, உள்ளே ஒரு மெத்தை விரிப்பு போட்டுத்தான் வெண்டலை உட்காரச் சொல்வார். இன்றைக்கு அதில் தீவனத் தூசு அப்படியே இருந்தது. ஹோசியா கைக்குட்டையை விரித்து அதன்மேல் உட்கார்ந்தார். தொப்பியைச் சரி செய்துகொண்டார்.

ஆலைப் பக்கம் கறுப்பர்கள் தெரு. வீட்டு வாசல்களில் சனம் நின்றது. சர்ச்சுப் பெண்கள் கைதட்டினார்கள். "காலை நீட்டி உக்காருங்க அண்ணே, குடுத்து வெச்ச ஆளு நீங்க" என்றாள் ஒருத்தி. "ஏ வெண்டல், மெதுவாப் போ, எங்க பெரியவரு குலுங்கறாரு" என்று இன்னொருவர் கிண்டல் செய்ய, வெண்டல்கூட லேசாகச் சிரித்தார். ஹோசியா எல்லோருக்கும் தொப்பியைத் தூக்கிக் காட்டினார். அழுது தொலைக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டார்.

தெருவின் பாதியில் ரயில் பாதை. கைதட்டிக்கொண்டு கூட வந்தவர்கள் அங்கே நின்றுவிட்டார்கள். யாரும் நிற்கச் சொல்லவில்லை, தானாகவே கால்கள் நின்றன.

பாதைக்கு மறுபுறம் கடைத்தெரு. டயர் கடைக்காரர் தேசியக் கொடியை அரைக் கம்பத்துக்கு இறக்கியிருந்தார். சிலர் கடையை இழுத்துச் சாத்திவிட்டு வாசலில் முதுகைக் காட்டி நின்றார்கள். முதுகைக் காட்டுவதற்கென்றே வீட்டிலிருந்து கிளம்பி வந்தவர்களை என்ன சொல்ல. கில் நாலைந்து பேரோடு தண்டவாளத்தை ஒட்டியே நின்றான். அவன் கையில் சின்ன கேமரா.

"வெண்டல், வெக்கமா இல்லையாய்யா உனக்கு?" என்று யாரோ கத்தினார்கள்.

"என்ன மாமா, சுமை கனமா இருக்கா?" என்றான் கில். "இருந்தா அங்கயே கொட்டிருங்க."

ஹோசியா முன்னால் பார்த்தபடி இருந்தார். தண்டவாளத்தைத் தாண்ட ஒரு முறை உண்டு. சக்கரம் நேராகப் போனால் இரும்புக்கும் பலகைக்கும் நடுவில் இருக்கும் பள்ளத்தில் மாட்டி வண்டி கவிழும். அதனால் முன்கூட்டியே நிறுத்தி, வண்டியைத் திருப்பி, பின்பக்கமாக இழுத்துக்கொண்டு போக வேண்டும். இரண்டு தடவையும் ஹோசியா அப்படித்தான் இழுத்தார். வெண்டலின் பாரத்துக்கு முதுகு விட்டுப்போனது. ஆனாலும் உள்ளே இருந்தவருக்கு ஓர் அதிர்வுகூடத் தெரியவில்லை. "மெத்துன்னு இருக்குடா" என்று வெண்டல் அப்போது சொன்னது ஹோசியாவுக்கு நினைவிருந்தது.

"திருப்பு வெண்டல்" என்றார் ஹோசியா.

வண்டி திரும்பவில்லை.

"வெண்டல், தண்டவாளம்."

சக்கரம் நேராகப் போய்ப் பள்ளத்தில் இறங்கியது. தகரத் தொட்டி ஒருபக்கமாகச் சாய்ந்தது. ஹோசியா தோளும் கன்னமும் கல்லில் பட விழுந்தார். தொப்பி உருண்டு போனது. ஞாயிற்றுக்கிழமைக் கோட்டின் கை கிழிந்தது.

தெரு சிரித்தது. முதுகைக் காட்டியவர்கள்கூடத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அதுவரை இறுகிக் கிடந்த ஊருக்கு அந்த வாரம் கிடைத்த முதல் சந்தோஷம் அது. கன்னத்தில் ஜல்லிக் கல் குத்தக் கிடந்த ஹோசியா, அத்தனை சிரிப்புக்கு நடுவில் ஒரு சிரிப்பைத் தனியாகக் கேட்டார். மூச்சு இழுத்து, கடைசியில் இருமலில் முடிகிற சிரிப்பு. முப்பது வருஷம் காப்பி மேஜைக்கு எதிர்ப்பக்கத்தில் கேட்ட சிரிப்பு. அது அவர் தலைக்கு மேலேயே, கைப்பிடி இருந்த இடத்திலிருந்து வந்தது.

கல் குத்தியது வலிக்கவில்லை. இது வலித்தது.

அவர் எழுந்தார். யாரும் கை கொடுக்கவில்லை. வண்டியை நிமிர்த்தினார். கைக்குட்டையைத் தேடி எடுத்து, உதறி, மறுபடி தொட்டியில் விரித்தார். மறுபடி உட்கார்ந்தார்.

"இன்னும் பாதி இருக்கு" என்றார். "தள்ளு."

வெண்டலின் முகத்தில் சிரிப்பு இன்னும் முழுதாகப் போகவில்லை, எங்கே போவது என்று தெரியாமல் உதட்டில் நின்றது. "அடிபட்டுதா ஹோசியா? போதும்ப்பா, வீட்டுக்குப் போ. இன்னொரு நாள்..."

"தள்ளு."

அப்போது ஆலைப் பக்கத்துக் கூட்டத்திலிருந்து ஒரே ஓர் ஆள் தண்டவாளத்தைத் தாண்டி வந்தது. வெர்லீன். சமையலறைச் செருப்போடு வந்தாள். தொப்பியைப் பொறுக்கி, தட்டி, புருஷன் தலையில் வைக்காமல் தன் கையிலேயே வைத்துக்கொண்டாள். வண்டிக்குப் பக்கத்தில் நடக்க ஆரம்பித்தாள். யாரோ எறிந்த ஐஸ் டீ அவள் பாவாடையில் தெறித்தது. குனிந்து பார்க்கவில்லை.

கோர்ட்டுப் படிக்கட்டு வரைக்கும் வெண்டல் தள்ளினார். அங்கே ஜெயித்தவன் இறங்க வேண்டும், இருவரும் கைகுலுக்க வேண்டும், அதுதான் வழக்கம். ஹோசியா இறங்கினார். வெண்டல் கையை நீட்டினார். ஹோசியா கைக்குட்டையை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வெர்லீனிடமிருந்து தொப்பியை வாங்கிப் போட்டுக்கொண்டார். அவளோடு அதே கடைத்தெரு வழியாக நடந்தே திரும்பினார்.

அடுத்த புதன்கிழமை ஹோசியா காப்பிக் கடைக்குப் போனார். அந்த நாற்காலியை விட்டுக்கொடுக்க அவருக்கு மனசில்லை. கன்னத்துக் காயம் காய்ந்திருந்தது.

கல்லாவுக்கு மேலே ஆணியில் புதுப் படம் தொங்கியது. தண்டவாளத்தில் குப்புறக் கிடக்கிற ஹோசியா. கவிழ்ந்த வண்டி. அதற்குப் பின்னால், கண்ணை மூடி, வாயெல்லாம் பல்லாக வெண்டல்.

"கில் மாட்டினாரு" என்றாள் டார்லா மெதுவாக. "சும்மா, வெளையாட்டுக்கு."

எல்லோரும் தங்கள் தட்டைப் பார்த்தார்கள், கில்லைத் தவிர. ஹோசியா படத்துக்குப் பக்கத்தில் போய் நின்று நெடுநேரம் பார்த்தார். அதில் அவர் பார்த்தது தன்னை அல்ல, வெண்டலின் முகத்தை. பிறகு வெண்டலின் மேஜைக்கு வந்து, எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"வண்டி வழுக்கிடுச்சு ஹோசியா" என்றார் வெண்டல். "வேணும்னு செய்யல. சத்தியமா."

"வழுக்கினத நான் கேக்கலியே."

"எல்லாரும் சிரிச்சாங்க. அந்த நேரத்துல எனக்கும்... தெரியல, வந்துடுச்சு."

"ஆமா. வந்துடுச்சு."

வெண்டலால் அதற்கு மேல் உட்கார முடியவில்லை. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். கல்லாப் பக்கம் போய்ப் படத்தின் சட்டத்தில் கை வைத்தார்.

"தொடாத வெண்டல்" என்றார் ஹோசியா. குரல் உயரவில்லை, ஆனால் கடைசி மேஜை வரைக்கும் கேட்டது. "நான் தள்ளின படத்த நாலு வருஷம் இங்க வந்து தெனமும் பாத்தேன். நீயும் இதப் பாரு."

வெண்டலின் கை சட்டத்திலேயே இருந்தது. பிறகு கீழே இறங்கியது.

"மிஸ் டார்லா" என்றார் ஹோசியா, "எனக்கு ஒரு காப்பி."