அடுப்படி அக்கா செய்தி சொன்ன நாள்

அந்த வானொலி நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் பெண் அவள். செய்தி வாசிக்கத்தான் வந்தாள். குரல் தேர்விலும் அவளுக்குத்தான் முதலிடம். ஆனால் பெண் குரலில் செய்தி வந்தால் யாரும் நம்பமாட்டார்கள் என்று சொல்லி, இயக்குநர் அவளைக் காலைச் சமையல் நிகழ்ச்சியில் உட்காரவைத்தார். ஆறு மாதம் போகட்டும், பார்க்கலாம் என்றார்.

அவளோ அடுப்பங்கரைப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவள். வீட்டில் சமையல் முழுக்கத் தையற்காரரான கணவர்தான். முதல் மாதம் அவரிடம் கேட்டு எழுதிக்கொண்டு போய் ஒப்பித்தாள். பிறகு ரோஷம் வந்துவிட்டது. தெரியாததைச் சொல்லி ஊரை ஏமாற்றுவதா? இரண்டு பாத்திரங்களைக் கரியாக்கி, கையைச் சுட்டுக்கொண்டு கற்றுக்கொண்டாள். 'தேவையான அளவு' என்ற பேச்சே அவளிடம் கிடையாது; எத்தனை கரண்டி, எத்தனை நிமிடம் என்று சொல்லிவிடுவாள். மைக்குக்குப் பக்கத்தில் அடுப்பை வைத்து, வெங்காயம் வதங்கும் சத்தத்தை வீடுவீடாகக் கேட்கவைத்தாள். ஊரே அவளை அடுப்படி அக்கா என்றது.

ஆறு மாதம் பதினொரு வருஷமாயிற்று. தலையால் தண்ணீர் குடித்துப் பார்த்தும் இயக்குநர் மசியவில்லை. ஜன்னலில்லாத ஒலிபரப்பு அறையில் சிவப்பு விளக்கு எரிந்ததும் அவள் முகம் தானாகச் சிரிக்கும். விளக்கு அணைந்த பிறகும் தாடை வலிக்கும்.

ஒரு மழைக்காலக் காலையில், சூப்பைப் பற்றிப் பாதி சொல்லிக்கொண்டிருந்தபோது, கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்த பொறியாளர் ஒரு தாளை உயர்த்திக் காட்டினார். ஏரிக்கரை உடைந்துவிட்டது. செய்தி வாசிப்பவர் மழையில் மாட்டிக்கொண்டு வந்துசேரவில்லை. இயக்குநர் அனுமதியில்லாமல் செய்தி எதுவும் போகக்கூடாது. அவர் வீட்டுத் தொலைபேசியோ செத்துக் கிடந்தது.

அவள் சமையல் குறிப்பை மடித்து வைத்தாள்.

"அடுப்பை அணைச்சிடுங்க. ஏரி உடைஞ்சிருக்கு. குழந்தைங்களைத் தூக்கிக்கிட்டு மேட்டுப் பக்கம் போங்க. பக்கத்து வீட்டுக் கதவையும் தட்டுங்க."

இரண்டு மணி நேரம் ஒவ்வொரு தெருவாகப் பெயர் சொல்லிக் கிளப்பினாள். தண்ணீர் வந்தபோது தாழ்வான தெருக்களில் ஆளே இல்லை.

மறுவாரம் இயக்குநர் எழுந்து நின்று அவளை வரவேற்றார். இப்போதாவது என்னைச் செய்திக்கு மாற்றுங்கள் என்று கேட்டாள். அவர் அவளை உட்காரச் சொன்னார்.

"ஜனங்க ஏன் உடனே கிளம்பினாங்க? சொன்னது நீங்க. செய்தி வாசிக்கிறவர் சொல்லியிருந்தா, வாசல்ல வந்து வானத்தைப் பாத்துட்டு உள்ள போயிருப்பாங்க. உங்களை அங்கிருந்து நான் எப்படிம்மா எடுக்கிறது?"

அவர் சொன்னது பொய்யாக இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பாள். பாராட்டாக, அரைமணி நிகழ்ச்சியை ஒரு மணி நேரமாக்கினார்.

வீடு திரும்பும் பஸ்ஸில், அவள் டிக்கெட் கேட்ட குரலை வைத்தே பக்கத்து இருக்கைப் பெண் அவளைக் கண்டுபிடித்துவிட்டாள். நீங்கள் சொன்னதால்தான் இவனைத் தூக்கிக்கொண்டு ஓடினேன் என்று மடியிலிருந்த பிள்ளையைக் காட்டி அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அக்கா, எனக்கு ரொட்டி மாவு மட்டும் பொங்கவே மாட்டேங்குது" என்றாள்.

"தண்ணி வெதுவெதுன்னு இருக்கணும்மா. கொதிக்கக் கொதிக்க ஊத்தினா ஈஸ்ட் செத்துடும்" என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள். இறங்கவேண்டிய இடம் ஜன்னலில் கடந்துபோயிற்று. பிள்ளை அவள் விரலை இறுகப் பிடித்திருந்தது.